மங்கிய இதயத்தை மறுபடி எழுதலாம், அம்மா

கேள்வி: எனக்கு 67 வயது. லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மூத்த மகன் பஸ் சாரதி. 2020 ஏப்ரல் 17 இல் கொரோனாவில் போய்விட்டான். வயது 36. தகனத்துக்குப் பத்துப் பேரைத்தான் விட்டார்கள். எட்டாம் நாள் சடங்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் ஐயர் கணினியில் வந்து செய்வித்தார். கல்வெட்டு என்கிற நினைவு மலரும் அடிக்கவில்லை. அடுத்த வருடம் அவனோடு வேலை செய்த பிள்ளை ஒருவர் தேம்ஸ் கரையில் உள்ள கொரோனா நினைவுச் சுவரில் ஒரு சிவப்பு இதயம் கீறி, அவன் பெயரை எழுதிப் படம் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் இதயங்கள். அன்றிரவுதான் நெடுநாளைக்குப் பிறகு நித்திரை கொண்டேன். இப்போது கிட்டத்தட்ட ஒவ்வொரு கிழமையும் போகிறேன். போனமுறை பார்த்தால் சிவப்பு வெளிறி, பெயர் தெரியவில்லை. இரண்டாம் தரம் இழந்ததுபோல் இருந்தது. இவர் வரவே மாட்டார், "ஊருக்கு முன்னால் அழுது என்ன காண்பாய்? கை தட்டின சனம் பிறகு எங்கே?" என்கிறார். மகள் நான் அளவுக்கு மிஞ்சிப் போகிறேன் என்று பயப்படுகிறாள். அந்தச் சுவரில் எனக்குக் கிடைக்கிற ஆறுதல் பொய்யா? அங்கே ஒரு விளக்கு ஏற்றலாமா?
(ஒரு தாய், ஹாரோ)

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் பெயரின் விஷயம். அது மறுபடி எழுதக்கூடிய பெயர். உங்கள் பிள்ளையின் இதயம் மட்டும் வெளிறவில்லை; 2021 மார்ச் 29 முதல் அந்த நாட்களில் கீறப்பட்டவை எல்லாமே வெளிறின. அவை பெயின்ட் மார்க்கர் பேனாக்களால் கீறப்பட்டவை. அந்தப் பேனாக்களின் சிவப்பு வெயிலின் புறஊதாக் கதிரில் உடைந்து ரோஸ் நிறமாகிவிடும். சுவர் ஆற்றைப் பார்த்தபடி, அதாவது மேற்கு முகமாக நிற்கிறது. மத்தியானம் தாண்டினால் பொழுதுபடும்வரை வெயில் நேரே விழும். போதாததற்கு மழையும் ஆற்றுக் காற்றும். நிறம் போனதற்குக் காரணம் இவ்வளவுதான். யாரும் அவனை அழிக்கவுமில்லை, மறக்கவுமில்லை.

நிறம் போவதைப் பார்த்துத்தான் தொண்டர் குழு ஒன்று அந்தச் சுவரைப் பொறுப்பெடுத்தது. சுவரின் நண்பர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். அவர்களில் பலர் உங்களைப்போல் ஆளை இழந்தவர்கள். வெள்ளிக்கிழமைகளில் வந்து, வெளிச்சுவருக்குப் பூசும் கெட்டியான சிவப்புப் பூச்சால் இதயங்களை ஒவ்வொன்றாக மறுபடி நிரப்புகிறார்கள். மங்கிய பெயர்களைத் திரும்ப எழுதுகிறார்கள், புதிதாக வருகிறவர்களுக்கும் இடம் பார்த்துக் கொடுக்கிறார்கள். நீங்கள் ஒவ்வொரு கிழமையும் போயும் அவர்களைக் காணவில்லை என்றால், போகிற நாள் வேறாக இருந்திருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை காலை போங்கள்.

போகுமுன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அரைக் கிலோமீற்றர் நீளச் சுவரில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் இதயங்கள் இருக்கின்றன. நிறம் வெளிறினால் பெற்ற தாய்க்கும் இடம் தப்பும். அந்தப் பிள்ளை 2021 இல் அனுப்பிய படத்தைத் தேடி எடுங்கள். வாட்ஸ்அப்பில் அழிந்திருந்தால் அவரிடமே திரும்பக் கேளுங்கள். பழைய ஃபோனில் கிடக்கும். அதில் பக்கத்து இதயங்களின் பெயர் ஒன்றிரண்டு தெரிந்தாலும் போதும், தொண்டர்களுக்கு அது பெரிய உதவி. இடம் பிடிபட்டதும் மூன்று படங்கள் எடுத்துவையுங்கள். ஒன்று இதயம் மட்டும், கிட்ட வைத்து. ஒன்று கை நீட்டுத் தூரத்தில், சுற்றியுள்ள பெயர்களோடு. மூன்றாவது ஐந்தாறு அடி பின்னால் வந்து, பக்கத்து விளக்குக் கம்பமோ இருக்கையோ படத்தில் விழும்படி. பெரும்பாலானவர்கள் முதலாவது படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்; அடுத்தமுறை தேடிக் களைப்பது அதனால்தான்.

என்ன எழுதுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். அங்கே போய் யோசித்தால் கை நடுங்கும், கண் மறைக்கும். இதயம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. கடதாசியில் உங்கள் உள்ளங்கையைச் சுற்றிக் கோடு போட்டு, அதற்குள் எழுதிப் பாருங்கள். தமிழில் எழுதுவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: தடித்த முனைப் பேனாவில் ண, ஞ, ஐ போன்ற சுழி எழுத்துகள் அடைத்து ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும், மெய்யெழுத்துப் புள்ளியும் மேல் எழுத்தோடு ஒட்டிவிடும். ஆகவே மெல்லிய முனை கேளுங்கள். மூன்று வரிக்கு மேல் வேண்டாம். வீட்டில் கூப்பிட்ட பெயர், அதன் கீழ் 1984 – 2020 என்று அவன் பிறந்த, மறைந்த வருடங்கள், கீழே "பஸ் சாரதி". முதலெழுத்துகளோடு முழுப்பெயர் இடம் கொள்ளாது; அது கல்வெட்டுக்கு உரியது, அதைப் பிறகு சொல்கிறேன். எழுதியது உங்கள் கை, எழுதக் கொடுத்த பேனா தொண்டர்களுடையது என்றிருக்கட்டும். கடையில் வாங்கின சாதாரண மார்க்கரைக் கொண்டுபோனால் ஒரு மாரி தாங்காது, மறுபடி இதே துக்கம்.

விளக்கு வேண்டாம். ஆற்றங்கரையில் காற்றுக்கு நிற்காது. எண்ணெய் சிந்தினால் கல்லில் ஊறிவிடும், அதன்மேல் பூச்சு பிடிக்காது. பக்கத்தில் உள்ள இன்னொரு தாயின் பிள்ளையின் இதயமும் கெடும். சுவருக்குப் பின்னால் இருப்பது சென் தோமஸ் ஆஸ்பத்திரி, ஆகையால் கற்பூரமும் வேண்டாம். வீட்டில் அவன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் புறப்படுங்கள். பூ கொண்டுபோவதென்றால் பிளாஸ்டிக் உறை இல்லாமல், நூலால் கட்டி, நிலத்தில் வையுங்கள். சுவரில் ஒட்டுநாடாவால் எதையும் ஒட்டாதீர்கள். உரிக்கும்போது பெயரையும் சேர்த்து உரித்துவிடும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. அந்த ஆறுதல் பொய்யா?

பொய்யில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நம் ஆட்களிடையே ஒரு சாவு நடந்தால் துக்கம் ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடக்காது. அறிவித்தல் பத்திரிகையில் வரும், வானொலியில் போகும். தெருவே வந்து முற்றத்தில் இருக்கும். எட்டுக்குச் சமைப்பார்கள், முப்பத்தொன்றுக்குக் கல்வெட்டு அடித்துக் கைக்குக் கை கொடுப்பார்கள். "இப்படி ஒருவன் இருந்தான், நல்ல பிள்ளை" என்று நூறு பேர் வாயால் கேட்டபிறகுதான் தாயின் மனம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்கத் தொடங்கும். 2020 சித்திரையில் உங்களுக்கு அந்த நூறு பேரும் கிடைக்கவில்லை. நின்றது பத்துப் பேர், அதுவும் தள்ளித் தள்ளி. ஒரு வருடம் கழித்து அந்தச் சுவர் அந்த வேலையைச் செய்தது. வழியில் போகிற முன்பின் தெரியாத ஒருவர் நின்று அவன் பெயரை வாசித்தார். உங்களுக்கு நித்திரை வந்ததற்கு அது போதுமான காரணம்.

பகிரங்க அஞ்சலிகள் எல்லாம் ஒன்றில்லை என்பதையும் சொல்லவேண்டும். இதில் உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2020 மார்ச் 26 முதல் மே 28 வரை வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கதவைத் திறந்து கை தட்டினார்கள். பத்து வாரத்தோடு முடிந்தது. அது முதலில் தாதியர், வைத்தியருக்காகத் தொடங்கிப் பிறகுதான் மற்ற வேலையாட்களையும் சேர்த்துக்கொண்டது. உயிரோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு உற்சாகம் கொடுக்கிற சடங்கு அது. இறந்தவரை நினைக்கிற சடங்கு அல்ல. ஏப்ரல் 28 காலை 11 மணிக்கு, வேலையில் இருந்து இறந்தவர்களுக்காக நாடு முழுவதும் ஒரு நிமிட மௌனம் இருந்தது. உங்கள் மகனுக்கும் உரிய அந்த நிமிடம், அவன் போய்ப் பதினொரு நாளில், நீங்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது கடந்துபோனது.  கூட்டமாகச் செய்து கலைந்துபோகும் அஞ்சலி ஒரு நாள் தூக்கிவிடும், மறுநாள் விழுத்திவிடும். அதில் நம்பிக்கை வைத்தவர்கள்தான் "பிறகு எங்கே?" என்று கேட்கிறார்கள். பெயர் இருக்கிற, ஒருவர் திரும்பத் திரும்பப் பராமரிக்கிற அஞ்சலி வேறு. அமெரிக்காவில் 2021 செப்டம்பரில் வாஷிங்டனின் பெரிய புல்வெளியில் ஏழு லட்சத்துக்கு மேல் சின்ன வெள்ளைக் கொடிகள் நட்டார்கள். இறந்தவர் ஒருவருக்கு ஒரு கொடி, குடும்பங்கள் அதில் எழுதலாம். அக்டோபர் 3 இல் பிடுங்கிவிட்டார்கள். அங்கே குடும்பங்கள் வந்து தங்கள் கொடியில் எழுதினார்கள். கை பட்டு ஏதாவது செய்த இடத்தில் மனம் தங்குகிறது. நீங்கள் இதுவரை அந்தச் சுவரைப் பார்க்க மட்டும் போயிருக்கிறீர்கள். இனி எழுதப் போங்கள்.

"ஊருக்கு முன்னால்" என்று உங்கள் கணவர் சொல்வதன் அடியில் கோபம் இருப்பதாக எங்களுக்குப் படுகிறது. லண்டன் பஸ்களில் முன்கதவை விட்டு நடுக்கதவால் ஆட்களை ஏற்றத் தொடங்கியது 2020 ஏப்ரல் 20. உங்கள் மகன் போய் மூன்றாம் நாள். ஒரு தகப்பனுக்கு அந்தத் திகதி தெரியாமல் இருக்காது. அப்படிப்பட்டவரை நாடாளுமன்றத்துக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தி அழச் சொன்னால் வரமாட்டார். ஆனால் அவருக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: அந்தச் சுவரை அரசாங்கம் கட்டவில்லை. ஆளை இழந்த குடும்பங்கள் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிராமல், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள நாடாளுமன்றத்தின் கண்ணில் படும்படி அந்த இடத்தைத் தெரிந்து தொடங்கினார்கள். கொரோனாவை அரசாங்கம் கையாண்ட விதம் பற்றி விசாரணை வேண்டும் என்று கேட்டவர்களும் அவர்களே. முன்னாள் நீதிபதி ஹெதர் ஹலட் தலைமையில் 2023 ஜூனில் அதன் பகிரங்க அமர்வுகள் தொடங்கின. துக்கமும் கோபமும் அங்கே ஒரே சுவரில்தான் இருக்கின்றன. அவர் கோபத்தோடு வந்தாலும் அந்நியமாக நிற்க மாட்டார்.

வராவிட்டால் விடுங்கள். இழுக்காதீர்கள். அழவேண்டும் என்று கேட்காத இடங்கள் இரண்டு அவருக்கு இருக்கின்றன. ஆல்ட்கேட்டில் பிரஹாம் தெருப் பூங்காவில் பெருந்தொற்றில் இறந்த லண்டன் போக்குவரத்து ஊழியர்களுக்கான நினைவிடம் இருக்கிறது; செர்ரி மரங்கள் நட்டிருக்கிறார்கள். மகனின் தொழிலுக்கு மரியாதை செய்கிற இடம் என்பதால் தகப்பன்மாருக்கு அது ஒத்துவரும். மற்றது ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் பூங்காவில் 2021 மே மாதம் திறந்த மலர்த்தோட்டம். நகரின் 33 உள்ளூராட்சிப் பகுதிகளுக்கு 33 பூமரங்கள், மூன்று வட்டமாக நிற்கின்றன. ஹாரோவிலிருந்து மெட்ரோபொலிற்றன் ரயிலில் ஏறி ஃபிஞ்ச்லி ரோட்டில் எதிர் மேடையிலேயே ஜூபிலி ரயிலுக்கு மாறினால் நேரே ஸ்ட்ராட்ஃபோர்ட். அதே ஜூபிலியில் வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கினால் உங்கள் சுவர். மரங்கள் பூப்பது இளவேனிலில், அவனுடைய திகதியை ஒட்டி. அங்கே பேசவேண்டிய கட்டாயம் இல்லை, நடந்துவிட்டு வரலாம்.

அவருக்குக் கொடுக்க இன்னும் நல்ல வேலை ஒன்று உண்டு. அது அடிக்காமல் விட்ட கல்வெட்டு. முப்பத்தொன்று கடந்துவிட்டது என்று யோசிக்காதீர்கள். திவசத்தன்று வெளியிட எந்தத் தடையும் இல்லை. ஏ5 அளவில், நடுவில் கம்பி அடித்துக் கட்டுவதென்றால் பக்க எண்ணிக்கை நாலால் பிரிய வேண்டும். 16 அல்லது 24 பக்கம் போதும். முன்னால் படமும், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவும், பிறகு தேவாரம், திருவாசகம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவழி; மிச்சம் முழுவதும் அவனோடு இருந்தவர்கள் எழுதியது. இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் தகப்பன் வேண்டும். டிப்போவில் கூட வேலை செய்தவர்களுக்கு அவரே ஃபோன் பண்ணட்டும். "அவனைப் பற்றி ஏதாவது எழுதுங்கள்" என்று கேட்டால் எல்லாரும் "நல்ல மனிசன், மறக்கமாட்டோம்" என்று ஒரே வரியை அனுப்புவார்கள். "எந்த இலக்க பஸ்ஸில் சேர்ந்து ஓடினீர்கள்? இடைவேளையில் என்ன சாப்பிடுவான்? எதற்குச் சிரிப்பான்?" என்று கேட்டால் கதை வரும். ஆங்கிலத்தில் எழுதித் தந்ததை அப்படியே ஆங்கிலத்தில் விடுங்கள், பேரப்பிள்ளைகள் வாசிப்பார்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். அச்சில் மங்கல் விழும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் குடும்பத்துக்கு வெளியே ஒருவரை வைத்துத் திகதிகளையும் முதலெழுத்துகளையும் சரிபார்க்கவேண்டும், நம் கண்ணுக்கு நம் வீட்டுப் பிழை தெரியாது. திதி வெண்பாவுக்கு ஐயரிடம் கேட்கும்போது உயிர் பிரிந்த நேரத்தை லண்டன் நேரம் என்று சொல்லிக் கொடுங்கள். ஏப்ரலில் லண்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நாலரை மணி வித்தியாசம். ஊர்ப் பஞ்சாங்கத்தை அப்படியே பார்த்தால் திதி ஒரு நாள் தள்ளிவிடக்கூடும். உங்கள் மகனுக்கு அது சார்வரி வருடம், சித்திரை மாதம், தேய்பிறை. எந்தத் திதி என்பது மணியைப் பொறுத்தது. இதுவரை செய்த திவசங்கள் எந்த நேரத்தை வைத்துச் செய்யப்பட்டன என்றும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

மகளின் பயத்துக்கு வருகிறேன். கிழமைக்கு ஒருமுறை போவது மட்டும் கெடுதல் இல்லை. போய் வந்தபின் சமைக்கிறீர்களா, மகளோடு கதைக்கிறீர்களா, வேறொரு நாள் கோவிலுக்கோ கடைக்கோ போகிறீர்களா என்று பாருங்கள். போகாத கிழமை பதற்றம் வந்து வேறெதுவும் ஓடாமல் இருந்தால், அவன் சாமான் ஒன்றைக்கூட அசைக்க முடியாமல் இருந்தால், "நானும் போய்ச் சேர்ந்தால் நல்லது" என்ற நினைப்பு வந்தால், அது சுவரால் தீரும் விஷயம் இல்லை. இழப்பு நடந்து ஒரு வருடம் தாண்டியும் கிட்டத்தட்ட எல்லா நாளும் இப்படி இருந்தால் அதை நீடித்த துயரம் என்று வைத்தியர்கள் இப்போது தனியாக அடையாளம் காண்கிறார்கள். அதற்கென்றே பழக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சை உண்டு. குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று நேரம் எடுக்கும்போதே சொல்லவேண்டும், காசில்லை. மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவளும் தம்பியையோ அண்ணனையோ இழந்தவள், நீங்கள் அவளுக்கு முன்னால் உண்மையைச் சுருக்கிவிடுவீர்கள். பிள்ளையை இழந்த பெற்றோருக்கென்றே நடக்கும் கம்பாஷனேட் ஃபிரெண்ட்ஸ் அமைப்பில் ஃபோன் எடுப்பவர்களும் அப்படி இழந்த பெற்றோரே: 0345 123 2304. குரூஸ் துயர உதவி: 0808 808 1677. போய்ச் சேரும் நினைப்பு வந்தால் நேரம் பார்க்காமல் சமாரிட்டன்ஸுக்கு 116 123.

போகிற நாட்களை இப்படி வகுத்துப் பாருங்கள். திதி வீட்டில், ஐயரோடு. ஏப்ரல் 17 சுவரில். பிறந்தநாளுக்கு மலர்த்தோட்டமோ அவனுக்குப் பிடித்த வேறிடமோ. மார்ச்சில் வரும் தேசிய நினைவு நாளில் (2025 இல் அது மார்ச் 9) கூட்டமும் கமராக்களும் இருக்கும். முதல்முறை தனியே போகவேண்டாம். மற்றக் கிழமைகளில் போவதை ஒரேயடியாக நிறுத்தத் தேவையில்லை. ஆனால் வெறுமனே போகாமல், வெள்ளிக்கிழமையில் போய்த் தொண்டர்களிடம் வேலை கேளுங்கள். இன்னொருத்தி பெற்ற பிள்ளையின் வெளிறிய இதயத்துக்குச் சிவப்புப் பூச உங்களுக்கும் கை இருக்கிறது. மகளை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனால் அவளுடைய பயமும் பாதி குறையும்.

போகும் முதல்நாள் வானிலை பாருங்கள். கல் ஈரமாக இருந்தால் பூச்சுப் பிடிக்காது, எழுத்தும் ஓடிவிடும். மழை என்றால் அடுத்த வெள்ளி.